பதில் பாடினவள் நான்

மீட்டாராம்! என் அண்ணன் மலைப்பாட்டை மீட்டாராம்!

போன வாரம் வாசகசாலைக்காரர்கள் இரண்டு பேர் என் வீடு தேடி வந்தார்கள். அண்ணனுடைய படத்தைத் திறந்து வைக்கப் போகிறார்களாம். அழைப்பிதழில் அவர் பெயருக்கு மேலே, 'மறைந்து கிடந்த மலை இசையை மீட்டெடுத்தவர்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. "நீங்க அவருக்கு ஒரே தங்கச்சிங்க. நீங்கதான் மாலை போடோணும்" என்றார் அதில் மூத்தவர். இரண்டு பேருக்கும் மோர் கொடுத்து, யோசித்துச் சொல்வதாக அனுப்பி வைத்தேன். அவர்கள் தெருமுனை திரும்பியதும் அழைப்பிதழை நான்காக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக் காலுக்கு முட்டுக் கொடுத்தேன். அந்த மேசையில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

எதை மீட்டார் என்று கேட்கிறேன். பயிரை மேய்ந்ததற்குப் பவுண்டில் அடைத்த எருமையா, போய் மீட்டுக்கொண்டு வர? அந்தப் பாட்டு எங்கள் கடலைக்காட்டில் தினமும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. காடு பக்கமே வராதவர்கள் காதில் விழவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் காடு கொல்லிமலை அடிவாரத்தில், சேந்தமங்கலத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. கடலைக்காய் பறிக்கும் காலத்தில் மலையிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்கள் இறங்கி வருவார்கள். களத்துமேட்டில் கொட்டகை போட்டுத் தங்கி, வேலை முடிந்த பிறகுதான் திரும்ப ஏறுவார்கள். நாங்கள் நிலம் உள்ளவர்கள் என்று பேரே தவிர, வீட்டுப் பெண்களும் இறங்கி வேலை செய்தால்தான் காடு கரை சேரும். எனக்கு அப்போது பதினாறு வயது. பக்கத்து வரிசையில் என் வயசு மலைப்பெண் ஒருத்தி கடலை பறிப்பாள். நான் ஒரு செடி பிடுங்குவதற்குள் அவள் மூன்று பிடுங்கிவிட்டு, என் வரிசையிலும் கை கொடுப்பாள். எதற்கெடுத்தாலும் சிரிப்பாள். அவளும் நானும் அப்படிக் கூட்டாகிப் போனோம்.

அவர்களுடைய பாட்டில் இரண்டு கட்சி உண்டு. ஆண்கள் ஒரு கட்சி, பெண்கள் ஒரு கட்சி. ஆண்கள் பெருமையடித்து ஒரு கேள்வி பாடுவார்கள். பெண்கள் அதை மட்டம் தட்டிப் பதில் பாட வேண்டும். முதல் கேள்வி மட்டும்தான் பழசு. எல்லாருக்கும் தெரிந்தது. அதற்குப் பிறகு எல்லாமே அப்போது பிறக்க வேண்டும். பதிலில் என்ன பொருள் வந்ததோ அதைப் பிடித்து அடுத்த கேள்வி; அந்தக் கேள்வியைப் பிடித்து அடுத்த பதில். பிடிக்கத் தெரியாமல் எந்தக் கட்சி வாயடைத்து நிற்கிறதோ அது தோற்றது. தோற்ற கட்சிதான் அன்றைக்குச் சாயங்காலம் எல்லார் மூட்டையையும் களத்துக்குத் தூக்க வேண்டும். ஒருத்தி போன வருஷத்துப் பதிலையே திரும்பப் பாடினால், "நேத்து வெச்ச கொளம்பை ஊத்தறா பாரு" என்று காடே சிரிக்கும். இன்னொரு கண்டிப்பும் உண்டு. கேட்டவன் பதில் பாடக் கூடாது. கேள்வியையும் தானே கேட்டு, பதிலையும் தானே சொல்லிக்கொள்கிறவனை அவர்கள் பைத்தியம் என்பார்கள்.

அவர்கள் கேட்கிற முதல் கேள்விகளில் ஒன்று இது:

ஏழு குன்று ஏறிப் போயி
எட்டி அறுத்தேன் தேனடையை
கீழ நின்னு பாத்தவளே
கெட்டிக்காரன் ஆரு சொல்லு

ஒரு நாள் ஆண்கள் இதைப் பாடியபோது எங்கள் கட்சியில் யாருக்கும் சட்டென்று வாய் வரவில்லை. மலைப்பெண் என் விலாவில் ஒரு குத்துக் குத்தி, "நீ பாடு புள்ளை, சும்மா பாடு" என்றாள். எங்கிருந்து வந்ததோ தெரியாது, மண்ணும் கையுமாக நிமிர்ந்து நின்று பாடிவிட்டேன்.

தேனடையைத் தூக்கிக் காட்டித்
தெம்பு பேசும் பெரியாளே
வீங்கிப் போன மூக்கை மட்டும்
வெளிய காட்ட மாட்டாயோ

அவ்வளவுதான். பெண்கள் கடலைச் செடியை ஆகாயத்தில் வீசி ஓவென்று கத்தினார்கள். பாடிய மனிதர் நிஜமாகவே தம் மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அவரால் மூக்கைப் பிடித்து அடுத்த கேள்வி கட்ட முடியவில்லை. அன்றைக்கு மூட்டை தூக்கியவர்கள் ஆண்கள். நான் வீட்டுக்கு நடந்தா போனேன், பறந்து போனேன். பதினாறு வயது வரைக்கும் அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வாய்த்ததில்லை.

இந்தச் சமயத்தில்தான் அண்ணன் சேலத்திலிருந்து வந்து இறங்கினார். அஸ்தம்பட்டியில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிப் படித்தவர். படிப்பு ஏறவில்லை, பிடில் ஏறியது. எனக்கு அவர் மேல் உயிர். எனக்குப் பேர் வைத்ததே அவர்தான். அப்பா வேறு ஏதோ பேர் யோசித்து வைத்திருக்க, அஞ்சு வயசுப் பையன் தரையில் உருண்டு அடம்பிடித்து இந்தப் பேரை வாங்கிக் கொடுத்தாராம். அப்படிப்பட்ட அண்ணன் பிடில் பெட்டியோடு வந்து இறங்கினால் தங்கச்சிக்கு எப்படி இருக்கும்? ஊர் பூராவும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அவரோடு இரண்டு சிநேகிதர்கள் சேர்ந்தார்கள். ஒருவர் சேந்தமங்கலத்தில் தையல் மிஷின் வைத்திருந்தவர். குரல் கணீரென்று இருக்கும். இன்னொருவர் தம்மம்பட்டிப் பக்கம். நாடகக் கம்பெனியில் பெண் வேஷம் கட்டிக்கொண்டிருந்து, குரல் தடித்த பிறகு ஒற்றைக் கம்பித் துந்தனாவோடு வெளியே வந்தவர். குரல் தடித்தாலும் வேண்டும்போது மெல்லிய பெண் குரலை வரவழைத்துவிடுவார். அவர் பேச்சில் ஒரு 'ங்க' கிடையாது. "என்ன, சாப்பாடு ஆச்சா?" என்று எங்கள் அப்பாவையே கேட்பார். திமிர் பிடித்தவர் என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பிறகுதான் அவர்கள் ஊர்ப் பேச்சே அப்படி என்று தெரிந்தது.

மூவரும் பழைய மலைப்பாட்டைத் தேடி எடுத்துக் கச்சேரி பண்ணுவதாக முடிவு செய்தார்கள். ஆர்மோனியப் பெட்டி நம் பாட்டையெல்லாம் கெடுத்துவிட்டது, கம்பி வாத்தியம் மட்டும்தான் வைப்போம் என்பது அண்ணனின் வைராக்கியம். மலைக்குப் போய் ஒரு கின்னாரம் வாங்கி வந்தார்கள். மூங்கில் கழியில் சுரைக்குடுக்கை கட்டி இரண்டு கம்பி இழுத்தது. தையல்காரர் அதை ஒரே மாதத்தில் பிடித்துக்கொண்டார். பிடில், கின்னாரம், துந்தனா. ஊரில் 'கம்பிக் கூட்டம்' என்று பேர் வைத்தார்கள்.

பாட்டு எழுத அண்ணன் நோட்டுப் புத்தகத்தோடு மலைக்குப் போனார். ஆண்கள் கேள்விகளைப் பாடிக் காட்டினார்கள். பெண்களிடம் பதில் கேட்டால், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்களாம். வேலையும் இல்லாமல், எதிர்க்கட்சியும் இல்லாமல் பதில் எப்படி வரும்? வெறும் கேள்விகளோடு திரும்பி வந்து என்னைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மிணி, நீ காட்டுல அவங்ககூடப் பாடறயாமா. அந்தத் தேனடைக்குப் பதில் என்னன்னு சொல்லு, எழுதிக்கறேன்."

நான் ஒன்று பாடினேன். எழுதினார். மறுநாள் சரிபார்க்கக் கேட்டார். நான் வேறொன்று பாடினேன்.

"ஏம் புள்ளை, நேத்து வேற சொன்னே, இன்னைக்கு வேற சொல்றே? இதுல எது பழசு?"

"எதுவும் பழசு இல்லீங்கண்ணா. பதில் பழசா இருந்தா அது தோத்த பாட்டுங்க."

"உனக்குத் தெரியாது. மூலம்னு ஒண்ணு இருக்கோணுமல்லோ?"

"மூலமும் இல்லை, வெங்காயமும் இல்லீங்க. ஒவ்வொருத்தியும் அவளவளா கட்டறது."

அவர் நம்பவில்லை. படித்தவர் அல்லவா! கடைசியில் நச்சரிப்புத் தாங்காமல், காட்டில் நான் பாடி ஜெயித்த மூக்குப் பாட்டைச் சொன்னேன். "இது நான் கட்டினதுங்க" என்று தெளிவாகச் சொன்னேன். தலையாட்டிக்கொண்டே எழுதினார். தலையாட்டினார், காதில் வாங்கவில்லை.

கடலை மூட்டை அடுக்கிய கொட்டகையில்தான் மூவரும் பாடிப் பழகுவார்கள். கேள்வி மட்டும் பாடி நிறுத்தினால் பாட்டு அந்தரத்தில் தொங்கியது. திரும்பத் திரும்ப அதே கேள்வி. பிடில் என்ன அழுதாலும் பாட்டு எழுந்திருக்கவில்லை. மூட்டைகளுக்குப் பின்னால் பதர் புடைத்துக்கொண்டிருந்த எனக்குப் பொறுக்கவில்லை. இருந்த இடத்திலிருந்தே மூக்குப் பாட்டை எடுத்துவிட்டேன். கின்னாரம் ஒரு கணம் நின்றது. அப்புறம் என் குரலைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தது பாருங்கள்! தையல்காரர் விடவில்லை, மூக்கைப் பிடித்து ஒரு கேள்வியைத் தட்டுத்தடுமாறிக் கட்டினார். நான் அதற்கும் கொடுத்தேன். நாடகக்காரர் துந்தனாவை மடியில் போட்டுக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். அண்ணன் எழுந்து வந்து மூட்டைக்கு மேலே எட்டிப் பார்த்தார். அவர் முகம் பூரித்திருந்தது, பொய் சொல்லக் கூடாது.

"நீ இல்லாம இது பாட்டே இல்லை அம்மிணி. ராசிபுரம் சந்தையில நம்ம மொதக் கச்சேரி. நீ வந்து பதில் பாடறே."

நான் கேட்டேனா? நானா கேட்டேன்? அவராகச் சொன்னது. பத்து நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அரக்குக் கண்டாங்கிச் சேலையைத் துவைத்து மடித்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தேன். மலைப்பெண்ணிடம் சொன்னேன். "ஆயிரம் பேர் முன்னால பாடப் போறியா?" என்று அவள் என் கன்னத்தைக் கிள்ளினாள். புதுசாகப் பதில் கட்டிப் பழக வேண்டும் என்று செடி பிடுங்கும்போதெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன். அந்தக் கச்சேரியில் என் வாயால் என் பதிலைப் பாட வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

கச்சேரிக்கு முந்தின நாள் மத்தியானம் சாப்பிடும்போது அப்பா கேட்டார். "ஏன்டா, ஊட்டுப் புள்ளையைச் சந்தையில நிறுத்திப் பாடச் சொல்றயாமா?"

நான் ரசம் ஊற்றிக்கொண்டு நின்றேன். அண்ணன் வாதாடுவார் என்று நினைத்தேன். ஆர்மோனியத்துக்கு எதிராக அத்தனை வாதாடுகிறவர் தங்கச்சிக்காக ஒரு வார்த்தை பேச மாட்டாரா? அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

"சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேனுங்கப்பா. இது போய் நெசமுன்னு நெனச்சுட்டுது. புள்ளைப் பாட்டைப் பாடறதுக்கு நம்ம நாடகக்காரர் இருக்கறாரல்லோ."

அப்பா கேட்டதிலாவது ஒரு காரணம் இருந்தது. அவருக்கு ஊர் வாய்க்குப் பயம். இவர் என்ன செய்தார்? அப்பா 'கூடாது' என்று சொல்லக்கூட இல்லை. கேட்டார், அவ்வளவுதான். அதற்குள் என்னைக் கைகழுவிவிட்டார். ரசச் சொம்பை அப்படியே அவர் இலையில் கவிழ்த்திருக்க வேண்டும். கவிழ்க்கவில்லையே என்று இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

கச்சேரிக்கு எங்களையெல்லாம் வண்டி கட்டிக் கூட்டிக்கொண்டு போனார்கள். பெண்களோடு பெண்ணாக வண்டியில் உட்கார்ந்து கேட்டேன். தையல்காரர் கேள்வியை நன்றாகத்தான் பாடினார். அடுத்து நாடகக்காரர் இடுப்பை ஒடித்து, முந்தானை இருக்கிற மாதிரி தோளை நீவிக்கொண்டு, கீச்சுக் குரலில் எடுத்தார்.

தேனடையைக் கொண்டு வந்த
தேவலோக ராசாவே
வாசலிலே காத்திருக்கேன்
வந்து கையைப் புடிச்சுக்கோ

சந்தையே விசிலடித்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அட பாவிகளா, மூக்கு எங்கே? நான் கேலி பண்ணினவள். என்னை வாசலில் காத்திருக்க வைத்துவிட்டீர்களே! கேட்டவனே பதிலும் எழுதி, அந்தப் பதிலில் 'சரி, வா' என்று அவனுக்கு அவனே சொல்லிக்கொள்கிறான். இதைத்தான் மலையில் பைத்தியம் என்பார்கள். இங்கே விசிலடிக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "ஏனுங்கண்ணா, மூக்கை எதுக்கு அறுத்தீங்க?"

"சனங்களுக்குப் புடிக்கோணும் அம்மிணி. ஆம்பளையை மட்டம் தட்டினா சந்தையில ஆரு கேப்பாங்க?"

"மலையில கேக்கறாங்களே?"

"அவங்களுக்கு என்ன தெரியும்?" என்றார். மலைப்பாட்டை மீட்டவர் சொன்ன வார்த்தை இது. அப்படியே எழுதியிருக்கிறேன்.

அடுத்த தையிலே எனக்குக் கல்யாணம் ஆகி மோகனூர் வந்துவிட்டேன். கம்பிக் கூட்டத்துக்குப் பேர் ஏறிக்கொண்டே போனது. நாமக்கல்லில் கச்சேரி, திருச்செங்கோட்டில் கச்சேரி, சேலத்தில் பெரிய மனிதர் வீட்டுக் கல்யாணத்தில் கச்சேரி என்று செய்தி வந்துகொண்டிருக்கும். சந்தைகளில் விற்கிற சின்னப் பாட்டுப் புத்தகமும் போட்டார்கள். சாணித்தாளில் அச்சடித்து, அட்டையில் பிடில் படம். என் கையில் ஒன்று கிடைத்தது. அந்தத் தேவலோக ராசா கண்றாவி அதில் இருந்தது. அதற்குக் கீழே, 'மாற்றுப் பாடம்' என்று என் மூக்குப் பாட்டு. அதற்கும் கீழே சின்ன எழுத்தில், 'பழைய மலைப்பாட்டு. பாடியவர் பெயர் தெரியவில்லை.'

பெயர் தெரியவில்லையாம். மூட்டைக்கு மேலே எட்டிப் பார்த்த முகத்தை நினைத்துக்கொண்டேன். புத்தகத்தை அடுப்பில் போடப் போனேன். எங்கள் வீட்டுக்காரர் பிடுங்கி அலமாரியில் வைத்தார். நான் காவேரிக் கரை வயலில் களையெடுக்கும்போது பாடுவதை அவர் கேட்டிருக்கிறார். என்னோடு களையெடுக்கிற பெண்களும் நானும் இரண்டு கட்சியாகப் பிரிந்து பாடுவோம். நாற்று முடியை வைத்து, நண்டுப் பொந்தை வைத்து, மாமியாரை வைத்து என்று அங்கே எங்களுக்குப் பதில் பஞ்சமே வந்ததில்லை.

உலகச் சண்டைக் காலம் அது. மண்ணெண்ணெய் கிடைக்காது என்பதால் கச்சேரிகளையெல்லாம் பகலிலேயே வைப்பார்கள். அந்த வருஷம் ஆடிப் பதினெட்டுக்கு மோகனூர் ஆற்றங்கரையில் கம்பிக் கூட்டத்துக்கு அழைப்பு. அண்ணன் காலையிலேயே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். நல்ல சில்க் ஜிப்பா, விரலில் மோதிரம். நான் பருப்பு வடை சுட்டுப் போட்டேன். அண்ணனாயிற்றே, வேறென்ன செய்வது? சாப்பிட்டு வெற்றிலை போடும்போது மெதுவாக எடுத்தேன்.

"அண்ணா, அந்தப் புஸ்தகத்தை மறுபடி அச்சடிக்கப் போறதாச் சொல்றாங்க. மூக்குப் பாட்டுக்கு மட்டும் என்ற பேரைப் போடுங்க. வேற ஒண்ணும் வேண்டாங்க."

அவர் எங்கள் வீட்டுக்காரரை ஓரக்கண்ணால் பார்த்துச் சிரித்தார். "பொம்பளை பேரைப் புஸ்தகத்துல போட்டா மாப்ளை என்ன நெனைப்பாரு?"

"எனக்கென்னங்க மச்சான்? தாராளமாப் போடுங்க. அவ பாட்டுத்தானுங்க அது. வயல்ல தெனமும் கேக்கறேனே" என்றார் எங்கள் வீட்டுக்காரர், சுண்ணாம்பு தடவிக்கொண்டே.

அண்ணனுக்கு முகம் சுண்டிவிட்டது. சாக்குச் சொல்ல ஒரு ஆள் கிடைத்தார் என்று பார்த்தால், அந்த ஆள் வழிவிட்டுவிட்டார். அண்ணன் என் தலையில் கை வைத்து, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி சொன்னார்.

"அது பழைய பாட்டு சாமி. ஆரோடதும் இல்லை. நீ எங்கியோ கேட்டிருப்பே, நீயே கட்டினதா உனக்கு ஒரு நெனப்பு."

அந்தக் கையைத் தட்டிவிட்டேன். அவர் ஏமாற்றுகிறார் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இல்லை, நிஜமாகவே நம்புகிறார்! மண்ணும் கையுமாக நான் நிமிர்ந்து நின்ற அந்த நாள் இவருக்கு நடக்கவே இல்லை. என் ஒரே சந்தோஷத்தை என் மண்டைக் கோளாறு ஆக்கிவிட்டார். எச்சில் இலையை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனேன்.

மூன்று மணிக்குக் கச்சேரி. ஆறு இரண்டு கரையும் தொட்டு ஓடியது. பந்தலுக்கு ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள். முளைப்பாரி விட்டுவிட்டு ஈரச் சேலையோடு வந்த கூட்டம். என்னோடு களையெடுக்கிற பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். ஒன்றிரண்டு பாட்டுக்குப் பிறகு, "அடுத்து, எங்கள் பேர்பெற்ற தேனடைப் பாட்டு" என்று அண்ணன் அறிவித்தார். கின்னாரத்தை மீட்டிக்கொண்டு தையல்காரர் கேள்வியைப் பாடினார். கெட்டிக்காரன் ஆரு சொல்லு, கெட்டிக்காரன் ஆரு சொல்லு என்று இரண்டு தடவை இழுத்தார். நாடகக்காரர் முந்தானையை நீவத் தொடங்கினார்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். மூக்குப் பாட்டு வேண்டாம், அது நேற்று வைத்த குழம்பு. வாயில் வந்ததைப் பாடினேன்.

கூட்டுக்குள்ள கையை விட்டுக்
கொண்டு வந்த கெட்டிக்காரா
தேனு ஆரு சேத்ததுன்னு
தேனீகிட்டக் கேட்டாயோ

களையெடுக்கிற பெண்கள் கடைசி அடியை அப்படியே வாங்கித் திருப்பிப் பாடினார்கள். தேனீகிட்டக் கேட்டாயோ. பெண்கள் பக்கம் மொத்தமும் பிடித்துக்கொண்டது. ஆண்கள் பக்கமும் சிரிப்பு. எங்கள் மாமியார் என் முந்தானையைப் பிடித்து, "உக்காரு, மானம் போகுது" என்று இழுத்தார். முந்தானை போனாலும் உட்காருவதில்லை என்று நின்றேன்.

இப்போது அவர்கள் தேனீயைப் பிடித்து அடுத்த கேள்வி கேட்க வேண்டும். அதுதான் முறை. நான் கேள்விக்காகக் காத்து நின்றேன். தையல்காரர் வாயைத் திறந்தார், கொட்டகையில் அன்றைக்குத் தட்டுத்தடுமாறிக் கட்டினாரே, அதே முயற்சி அவர் முகத்தில் தெரிந்தது. வார்த்தை வரவில்லை. இத்தனை வருஷமாக ஒரே கேள்வி, ஒரே பதில் என்று பாடிப் பாடி அந்தப் பழக்கமே விட்டுப்போயிருந்தது. நாடகக்காரர் முந்தானை நீவிய கையைத் தோளிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அண்ணன் பிடிலைக் கீழே வைத்துவிட்டு, பைக்குள்ளிருந்து நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். ஆமாம், எடுத்தார். அத்தனை ஜனத்துக்கு முன்னால் பக்கம் பக்கமாகப் புரட்டித் தேடினார். பழைய மலைப்பாட்டை மீட்டவருக்கு அடுத்த அடி நோட்டில் இல்லை.

தையல்காரர்தான் மரியாதை தெரிந்தவர். கின்னாரத்தைத் தரையில் வைத்து, என் பக்கம் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, "தோத்துட்டோமுங்க அம்மிணி" என்றார். ஜனம் ஆரவாரம் போட்டது. பதினாறு வயதில் சந்தையில் எனக்குக் கிடைக்க வேண்டியது, பத்து வருஷம் கழித்து ஆற்றங்கரையில் கிடைத்தது.

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. பிடிலைப் பெட்டியில் வைத்து மூடிக்கொண்டு வண்டி ஏறிவிட்டார். வீட்டில் அவருக்காக எடுத்து வைத்திருந்த காப்பரிசி அப்படியே இருந்தது. மாமியார் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அது எனக்கு ஓய்வாகத்தான் இருந்தது.

அண்ணனுக்கு உறைத்திருக்கும் என்று நம்பினேன். கோபத்தில் இரண்டு வருஷம் பேசாமல் இருக்கட்டும், ஆனால் உறைத்திருக்கும். சபையில் அத்தனை பேர் கண்ணுக்கு முன்னால், தம் காதால் கேட்டாரே. இனிமேல் 'நீ எங்கியோ கேட்டிருப்பே' என்று சொல்ல முடியாதல்லவா?

மார்கழியில் எங்கள் வீட்டுக்காரர் நாமக்கல் சந்தைக்குப் போய்விட்டு ஒரு புத்தகத்தோடு வந்தார். கம்பிக் கூட்டத்தின் பாட்டுப் புத்தகம், இரண்டாம் பாகம். மாட்டை அவிழ்த்துக் கட்டக்கூட இல்லை, வாசலில் நின்றபடியே பிரித்து, "அட, உன்ற தேனீப் பாட்டுப் புள்ளை இது!" என்று சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். படித்துக்கொண்டே வந்தவர் கடைசி வரியில் நிறுத்திவிட்டார். என் முகத்தைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை என் கையில் கொடுத்தார்.

நான் வாசித்தேன். கூட்டுக்குள்ள கையை விட்டு. இந்தத் தடவை தேவலோக ராசா இல்லை, வாசல் இல்லை, காத்திருப்பு இல்லை. அவரைப் பார்த்து, அவருக்காகவே நான் பாடிய நாலு அடியையும் ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல் போட்டிருந்தார். வண்டியில் போகும்போதே எழுதிக்கொண்டிருப்பார்.

அதற்குக் கீழே: 'மிகப் பழைய மலைப்பாட்டு. பாடியவர் பெயர் தெரியவில்லை.'

எனக்குப் பேர் வைத்தவர் அவர்.